வடக்குச் சுவரில் ஒரு வாசல்

சனிக்கிழமைகளில் கிறிஸ்துநாயகம் பின்னோக்கி நடப்பார். இரும்புப் பல் வைத்த நீண்ட வாரியைத் தன் பக்கம் இழுப்பார், ஓரடி பின்வைப்பார், மறுபடி இழுப்பார். சப்பாத்து பதித்த தடத்தை அடுத்த இழுப்பு அழித்துவிடும். கோவிலைச் சுற்றியுள்ள சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே ஓடும் சரளைப் பாதைகளில், ஞாயிறு காலை முதலாவது ஆள் வந்து கால்வைக்கும்வரை ஒரு தடமும் இருக்கக்கூடாது. அது அந்த டெனிஷ் ஊரின் வழக்கம். சேமக்காலையைப் பராமரிக்கும் ஹெனிங், அவர் உதவியாளாகச் சேர்ந்த முதல் கிழமையே இதை ஊமை நாடகமாக நடித்துக் காட்டியிருந்தான். முன்னோக்கி நடந்து வாரினான், திரும்பித் தன் காலடிகளைச் சுட்டிக்காட்டித் தலையை ஆட்டினான். பிறகு பின்னோக்கி நடந்து காட்டினான். கோவிலின் வடக்குச் சுவரில் தொடங்கித் தெற்குப் படலையில் முடிக்க வேண்டும். கடைசி இழுப்போடு ஆள் வெளியே தார் றோட்டில் நிற்க வேண்டும். மாறித் தொடங்கினால் உள்ளே மாட்டிக்கொள்வாய் என்பதைச் சொல்ல, பாதையோரத்தில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலை வைக்க இடமில்லாதவன்போலக் கைகளை விரித்தான். ஹெனிங் சிரித்து அவர் கண்டது அந்த ஒருமுறைதான்.

கோவிலுக்கு எண்ணூறு வயது. செதுக்கிய பெரிய கருங்கற்களை அடுக்கிக் கட்டியது. உள்ளே வெள்ளையடித்த சுவர், கூரையிலிருந்து தொங்கும் ஒரு சின்ன மரக்கப்பல், வளைந்த முகட்டில் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து சுரண்டி எடுத்த பழைய ஓவியங்கள். அவற்றில் ஒரு பெரிய மீன்வாய்க்குள் மனிதர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி ஆளின் ஒரு கால் மட்டும் இன்னும் வெளியே இருந்தது. வடக்குச் சுவரின் நடுவில் ஒரு வாசல் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. முந்திய காலத்தில் ஆண்கள் தெற்கு வாசலாலும் பெண்கள் வடக்கு வாசலாலும் வருவார்களாம். வழக்கம் மாறியபோது வடக்கு வாசலை அடைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் போகும் ஒற்றைப் பாதை இன்னும் இருந்தது. இரு பக்கமும் முழங்காலளவு செடிவேலி, வேலிக்குள் கல்லறைகள், பாதை போய்ச் சுவரில் முட்டி நிற்கும். யாரும் நடக்காத அந்தப் பாதையையும் கிழமைக்கு ஒருமுறை வார வேண்டியிருந்தது. சொந்த ஊரான குருநகரில் அவர்களுடைய கோவிலிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மனைவி லூர்தம்மா மகள் கிளோறியாவோடு அந்தப் பக்கம் இருப்பாள். மகன் ஸ்ரான்லி இவரோடு இந்தப் பக்கம்.

1988 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. லூர்தம்மாவின் கடிதம் அவருடைய ஜக்கற் பைக்குள் இருந்தது. இந்தியன் ஆமி குருநகரைச் சுற்றிவளைத்து, இளம் பெடியன்களைக் கோவில் முற்றத்தில் இருத்தி, முகமூடி போட்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி ஒருவனைக் கொண்டுவந்து ஒவ்வொருவராகக் காட்டியிருந்தது. ஸ்ரான்லிக்கு நேரே வந்தபோது தலை ஆடியது. மூன்று நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். 'பயப்பட ஒண்டுமில்லை. வலது கையைத் தூக்கத்தான் ஏலாது. எழுத இடக்கையைப் பழகிறான்' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒரு வரி: 'ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி வருகுது.'

அந்தத் திகதியை அவர் மறக்கவில்லை. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் டென்மார்க்குக்கு எடுப்பதற்கு, அகதியாக வந்த அவர் விண்ணப்பம் கொடுத்து ஒரு வருடமாகிவிட்டது. முந்திக் கொடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் குடும்பம் வந்து சேர்ந்தது. போன வருடம் இலையுதிர்காலத்துக்குப் பிறகு ஒருவருக்கும் வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கடிதம் போட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. பதினெட்டு வயதைத் தாண்டிய பிள்ளையை எடுக்கமுடியாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விண்ணப்பம் கொடுத்த நாளின் வயதா, கோப்பைத் திறக்கும் நாளின் வயதா என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஸ்ரான்லியின் பிறப்புச் சான்றிதழின்படி வருகிற ஓகஸ்ட் ஒன்பதில் அவனுக்குப் பதினெட்டு.

அந்தச் சான்றிதழ் பொய். அவன் பிறந்தது 1971இல். லூர்தம்மாவின் ஊரில், மன்னார்க் கடற்கரையோரம், வீட்டில் பிறந்தான். பதினாலாம் நாள் அங்கே கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார்கள். அவனுக்கு நாலரை வயதாகும்போது, தெரிந்தவரான பாடசாலை அதிபர் கனகசபை அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறார் என்று கிறிஸ்துநாயகம் கேள்விப்பட்டார். அவர் கதிரையில் இருக்கும்போதே பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும், ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜராக இருந்த கிறிஸ்துநாயகம் வெள்ளை லோங்ஸ் போட்டுக்கொண்டு போய், சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, பிள்ளை 1970இல் பிறந்ததாகப் பதிந்தார். ஊரில் பலரும் செய்ததுதான். பிள்ளைக்கு ஒரு வருடத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக அன்று லூர்தம்மாவிடம் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் அந்த வருடம் பழகிவிட்டது. டென்மார்க்கில் விண்ணப்பத்தோடு அந்தச் சான்றிதழை வைத்துத் தைத்தபோதும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆறு மாதத்தில் வந்துவிடுவான் என்று நினைத்திருந்தார்.

இக்காஸ்ட் பட்டினத்தில் தையல் தொழிற்சாலைக்குப் பக்கத்து மாடி வீட்டில் அவரும் தவராஜாவும் இருந்தார்கள். தவராஜாவுக்கு முப்பது வயது. கோப்பாய் ஆள். அவனுடைய மனைவி சரோஜினிதேவியின் கோப்பும், அவன் இன்னும் கண்ணால் காணாத மகள் தனுசியாவின் கோப்பும் அதே குடிவரவுக் காரியாலயத்தில் கிடந்தன. ஸ்வெற்றர்களுக்குக் கை பொருத்தித் தைப்பது அவன் வேலை. வேலை முடிந்து வந்ததும் "இண்டைக்கு அறுநூறு கை தைச்சன் அண்ணை. இன்னும் ஒருத்தனும் எனக்குக் கை குடுக்கேல்லை" என்பான். லூர்தம்மாவின் கடிதத்தை வாசித்த பிறகு அவன் அந்தப் பகிடியைச் சொல்வதை நிறுத்திவிட்டான். எத்தனை தைத்தாய் என்று கிறிஸ்துநாயகமும் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் கோவில் காரியாலய வாசலில் அவர் பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு துருக்கிக் குடும்பம் கைக்குழந்தையோடு உள்ளே போனது. தாய் முக்காடு போட்டிருந்தாள். பெண் பாதிரியார் பியர்கிட் ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிள்ளையின் பெயரையும் திகதியையும் எழுதினார். முஸ்லிம் பிள்ளைக்கு ஞானஸ்நானமா என்று கிறிஸ்துநாயகம் திகைத்துப்போனார். வீட்டுக்கு வந்து தவராஜாவிடம் கேட்டார்.

"அது ஞானஸ்நானம் இல்லை அண்ணை. இந்த நாட்டிலை பிறப்பு இறப்பு எல்லாம் கோவிலிலைதான் பதியிறது. கோவில் புத்தகந்தான் கவுண்மேந்துப் புத்தகம். எங்கட பாதரம்மாதான் இஞ்சை றெஜிஸ்ரார்."

பெண் பாதிரியாரை அவன் எப்போதும் பாதரம்மா என்பான். வழக்கமாகக் கிறிஸ்துநாயகத்துக்கு அது பிடிக்காது. அன்று அவருக்கு அது காதில் விழவில்லை. கோவில் புத்தகம் அரசாங்கத்தின் புத்தகமாக இருக்கும் ஒரு நாடு. மன்னாரில் ஒரு கோவில் அலுமாரிக்குள் ஸ்ரான்லியின் உண்மையான திகதி மையில் எழுதப்பட்டு இருக்கிறது. அன்றிரவு கஞ்சி குடிக்கும்போது அவர் இரண்டு கோப்பை குடித்தார். பல மாதத்துக்குப் பிறகு அவருக்குப் பசித்திருந்தது.

அடுத்த சனி தவராஜாவைக் கூட்டிக்கொண்டு பியர்கிட்டிடம் போனார். பிறப்புச் சான்றிதழில் வருடம் பிழை, எழுதியவர் விட்ட பிழை என்று தவராஜா மொழிபெயர்த்தான். சொல்லிக் கொடுத்தவர் கிறிஸ்துநாயகம். பியர்கிட் இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினாலாம் நாளில் எழுதியது, ஐந்து வருடம் கழித்து எழுதியது, இரண்டில் நான் பதினாலாம் நாளைத்தான் நம்புவேன். அந்தப் பக்கத்தின் பிரதியை எடுப்பியுங்கள். நான் ஒரு கடிதம் எழுதி அதோடு அனுப்புகிறேன்" என்றார்.

வெளியே வந்ததும் தவராஜா சிரித்தான். "பாதரம்மா நல்ல மனிசி அண்ணை. பெடியன் வந்தாப் பிறகு நீங்கள் கட்டாயம் இந்த வேதத்துக்கு மாற வேணும்."

"போடா. அவையளுக்கு மாதாவே இல்லை. நான் ஆரிட்டைப் போய் அழுறது?"

மன்னாருக்குக் கடிதம் போய், லூர்தம்மா போக வழியில்லாமல் கிடந்து, யாரோ ஒரு கன்னியாஸ்திரி கொழும்புக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தபாலில் பிரதி வந்தபோது ஜூலை இருபத்தெட்டு. ஈரம் பட்டு உலர்ந்த தாள். பங்குச் சுவாமியின் கையெழுத்து, ஊதா முத்திரை. பிறந்தது 1971 ஓகஸ்ட் ஒன்பது, ஞானஸ்நானம் இருபத்திரண்டு. தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தாய் மரியநாயகி. அவர் அதை மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவினார். தவராஜா நின்றபடியே வாசித்தான், உட்காரவில்லை.

"அண்ணை, இதைக் குடுக்கத்தான் போறியளோ?"

"பின்னை? இதுக்குத்தானே மூண்டு மாசம் இருந்தது."

"ஸ்கீவ ரவுணிலை ஒருத்தர் கலியாணத் திகதி மாறின தாள் ஒண்டு குடுத்தவராம். இப்ப எல்லாத்தையும் திருப்பிக் கேக்கினமாம். மனிசி மனிசிதானோ, பிள்ளை பிள்ளைதானோ எண்டு." தவராஜா தாளைக் கீழே வைத்தான். "இது உண்மையெண்டா அது பொய்யெல்லோ. அதிலை ஆற்ற கையெழுத்து இருக்கு? கிளாக்கரின்ரையோ? உங்கட சத்தியக்கடதாசி. ஒரு தாளிலை பொய் எண்டா மிச்சத் தாளை ஆர் நம்புவாங்கள்? அக்காவும் கிளோறியாவும் சேந்தெல்லோ நிண்டுபோகப் போகினம்."

"குடுக்காட்டி பன்ரண்டு நாளிலை அவன் இல்லை, தவம்."

"எனக்கு விளங்குது."

"விளங்கினா வா. நாளைக்குப் பாதரம்மாவிட்டைச் சொல்லு."

தவராஜா யன்னல் பக்கம் திரும்பினான். "நான் வரேல்லை அண்ணை. ஒருத்தற்ரை பிடிபட்டா எல்லாற்ரை பைலையும் கிண்டுவாங்கள். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு." பிறகு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்து ஒன்றை அவருக்கு முன்னால் வைத்தான். அது ஆறி, மேலே ஆடை படிந்து, விடியும்வரை அங்கேயே இருந்தது.

லூர்தம்மாவைக் கேட்க வேண்டும். கேட்டுப் பதில் வர ஆறு கிழமை. போன் எடுக்க வழியில்லை. ஒரு மனிதன் தன் மனைவியைக் கேளாமல் அவளையும் மகளையும் தராசின் ஒரு பக்கத்தில் வைத்து மகனை மறுபக்கத்தில் வைக்கலாமா என்று அவர் யோசித்தார். எந்தப் பக்கம் இறங்கினாலும் வைத்தது தன் கை என்பதிலிருந்து அவரால் வெளியே வரமுடியவில்லை. 1976இலும் லூர்தம்மாவைக் கேட்கவில்லை. வந்து சொன்னார், அவ்வளவுதான். அவள் அன்று, 'கோவில் புத்தகத்திலை வேறை கிடக்கே' என்றாள். கோவில் புத்தகத்தை ஆர் பாக்கிறது என்று அவர் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது.

மறுநாள் தனியாகப் போனார். பியர்கிட் கோவிலில் பலிபீடத்துக்குப் பின்னால் உடை மாற்றும் சின்ன அறையில் பூச்சாடி கழுவிக்கொண்டிருந்தார். கிறிஸ்துநாயகம் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தனக்குத் தெரிந்த டெனிஷ் முழுவதையும் சைக்கிளில் வரும்போதே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார்.

"இந்தத் தாள் பொய். எழுதினவர் பிழை இல்லை. பொய் நான் செய்தது. பள்ளிக்கூடத்துக்காக. கோவில் தாள் உண்மை."

சொல்லி முடித்ததும் அவர் முழந்தாளிட்டார். யோசித்துச் செய்யவில்லை. நாற்பத்தாறு வருடமாகப் பாவத்தைச் சொன்னால் உடம்பு அப்படித்தான் போகும். கண்களை மூடித் தலை குனிந்து, பாவமன்னிப்புக் கொடுக்கும் கை ஒன்று தலைக்கு மேல் எழும்பும் என்று காத்திருந்தார். தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது. பிறகு ஒரு கதிரை இழுபடும் சத்தம். பியர்கிட் அவருடைய முழங்கையைப் பிடித்துத் தூக்கிக் கதிரையில் இருத்தி, ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினார். கிறிஸ்துநாயகத்துக்குத் தலை சுற்றிவிட்டது என்று நினைத்திருந்தார். விளங்கியபோது பியர்கிட்டின் முகம் சிவந்தது.

"அப்படி ஒன்றை எங்கள் சபையில் நாங்கள் செய்வதில்லை. எனக்கு அதைச் செய்யத் தெரியாது" என்று மெல்லச் சொன்னார். ஈரக்கையை உடையில் துடைத்துக்கொண்டு இரண்டு தாள்களையும் எடுத்துப் பார்த்தார். "கடிதம் எழுதுகிறேன். ஆனால் எழுதியவர் பிழை என்று இனி என்னால் எழுதமுடியாது. நீங்கள் சொன்னதைத்தான் எழுதுவேன்."

"அவர்கள் என்ன செய்வார்கள்?"

"எனக்குத் தெரியாது."

அதை அவர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் பியர்கிட் அதையே சொன்னார். வெளியே ஹெனிங் புல்வெட்டும் இயந்திரத்தோடு கோவிலை ஒரு முறை சுற்றி வந்தான், சத்தம் கிட்ட வந்து தூரப் போனது. இரண்டாம் முறை சுற்றி வந்தபோது கிறிஸ்துநாயகம் "அனுப்புங்கள்" என்றார்.

ஓகஸ்ட் முதலாம் திகதி கடிதம் தபாலுக்குப் போனது. இரண்டாம் திகதி லூர்தம்மாவின் கடிதம் வந்தது. ஐந்து கிழமைக்கு முன்னால் எழுதியது. 'நீங்கள் கேட்ட தாளைச் சுவாமி எழுதித் தாறன் எண்டவர். ஆனா அதை யோசிச்சுக் குடுங்கோ. இஞ்சை எல்லாரும் ரண்டு திகதி இருந்தா முழுப் பேரையும் மறிச்சுப்போடுவாங்கள் எண்டு சொல்லினம். கிளோறியாவுக்குப் பன்ரண்டு முடிஞ்சுது. பெட்டையை இதுக்குமேலை இஞ்சை வைச்சிருக்க எனக்குப் பயம். ஸ்ரான்லி தான் சமாளிப்பன் எண்டு சொல்லுறான். அவன்ரை சொல்லை நான் கேக்கேல்லை. நீங்கள்தான் ஒரு முடிவு எடுக்க வேணும்.' அடியில் வேறு எழுத்து இருந்தது. சின்னப் பிள்ளை சிலேற்றில் எழுதியதுபோலப் பெரிதாக, சரிந்து, வரிக்குள் நிற்காமல். 'அப்பா, இவையளை முதல் எடுங்கோ. நான் பிறகு வாறன்.' கொம்புகள் ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில் இருந்தன. இடக்கை.

தவராஜா அதை வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். அடுத்த கிழமை அவன் ஹேர்னிங் பட்டினத்தில் வேறு அறை பார்த்துப் போனான். பஸ்சுக்குக் கிட்ட என்று காரணம் சொன்னான். போகும்போது "அண்ணை, கோபமில்லையே?" என்று கேட்டான். "இல்லையடா" என்றார். உண்மையாகவே இல்லை.

ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி ஒரு செவ்வாய்க்கிழமை. ஹெனிங் அவரைக் கொண்டு ஒரு குத்தகை முடிந்த கல்லறையின் கல்லைக் கிளப்புவித்தான். முப்பது வருடம் முடிந்து சொந்தக்காரர் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்து மதிலோரம் சாத்திவிட்டு நிலத்தை மட்டமாக்கிவிடுவார்கள். மதிலோரம் ஏற்கெனவே பதினேழு கற்கள் பெயர்களோடு சாய்ந்து நின்றன.

ஒக்டோபர் இருபத்தேழில் பதில் வந்தது. தவராஜா இல்லாததால் அவர் அதைப் பியர்கிட்டிடம் கொண்டுபோனார். பியர்கிட் முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு மெதுவான டெனிஷில், ஒவ்வொரு சொல்லாக அவருக்குச் சொன்னார். குடும்பம் பற்றிய விபரங்கள் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. ஆகவே விண்ணப்பம் முழுவதும் புதிதாக ஆராயப்படும். தாய், மகள், மகன் மூவருக்கும் உறவை நிரூபிக்கும் மேலதிக ஆவணங்கள் தேவை. எவ்வளவு காலம் எடுக்கும் என்று இப்போது கூறமுடியாது.

"மறுக்கவில்லை" என்றார் பியர்கிட். "மறுக்கவில்லை, பாருங்கள்."

கிறிஸ்துநாயகம் "தாக்" என்று நன்றி சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். லூர்தம்மாவிடமிருந்து செப்டெம்பருக்குப் பிறகு கடிதம் இல்லை. கடைசிக் கடிதத்தில், ஸ்ரான்லி இப்போது வீட்டில் படுப்பதில்லை, எங்கே படுக்கிறான் என்று தான் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை. ஹெனிங் இடுப்பில் நாரிப்பிடிப்பென்று வரவில்லை. வரும் கிழமை கல்லறைகளை எல்லாம் குளிருக்காக ஊசியிலைக் கிளைகளால் மூட வேண்டும், கட்டுக் கட்டாகக் கிளைகள் படலையடியில் வந்து குவிந்திருந்தன. மேற்குக் காற்று இலைகளைச் சரளை மேல் உருட்டிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ஞாயிறை வரவேற்கும் மணி அடிக்கும், அதற்கு முன் முடிக்க வேண்டும். கிறிஸ்துநாயகம் வாரியை எடுத்தார். லூர்தம்மாவுக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரியை மனதுக்குள் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். 'அந்தத் தாளை நான் குடுத்திட்டன்.' 'உம்முடைய கடிதம் வர முதலே.' இழுத்தார், பின்வைத்தார். 'ஸ்ரான்லியிடம் சொல்லும்.' என்ன சொல்வது? இழுத்தார், பின்வைத்தார். தெற்குப் பாதை முடிந்தது, கோபுர மூலை முடிந்தது. இலைகள் சேர்ந்தன, கோடுகள் நேராக விழுந்தன. இவ்வளவு நேர்த்தியாக அவர் ஒருநாளும் வாரியதில்லை.

முதுகு எதிலோ முட்டியது. குளிர் ஜக்கற்றைத் தாண்டி உள்ளே வந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். செங்கல். இரு பக்கமும் கருங்கல்லின் விளிம்பு, தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. அடைத்த வாசலின் குழிவுக்குள் நின்றுகொண்டிருந்தார். படலையில் முடிக்க வேண்டியவர் படலையில் தொடங்கியிருந்தார்.

அவருக்கு முன்னால் பாதை கோபுர மூலைவரை வாரிய தலைமயிர்போலக் கோடு கோடாகக் கிடந்தது. ஒரு தடமும் இல்லை. இடது பக்கம் செடிவேலி, அதற்குள் கல்லறை. வலது பக்கம் செடிவேலி, அதற்குள் கல்லறை. மேலே கோபுரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. அடிக்கு அடி அதன் அதிர்வு செங்கல் வழியாக அவருடைய முதுகுக்குள் இறங்கியது. கிறிஸ்துநாயகம் வாரியை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். வைக்க இடம் தேடி, தூக்கியபடியே நின்றார்.